மரகதத்தின் வயது

அந்த முதல் வாக்கியம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும், தீபிகா வாயைத் திறப்பதற்கு முன்பே தெரியும், ஏனென்றால் புரொஜெக்டரில் அவள் வைத்த முதல் கண்ணாடித் தாளில் தலைப்பு இருந்தது, என் தலைப்பு, ஒரு எழுத்துக்கூட மாறாமல், இப்போது சொல்லப்போகிறாள், இதோ சொல்லிவிட்டாள்… காலை எட்டரைக்கு மரகதம் தன் தண்ணீர் பாட்டிலைத் தையல் மெஷினின் காலடியில் வைக்கிறாள், மாலை ஐந்தரைக்கு அதே பாட்டிலை அதே கனத்தோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். ஆங்கிலத்தில்தான் சொல்கிறாள், நல்ல ஆங்கிலம், அவசரமில்லாத ஆங்கிலம், ஆனால் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது, அது முதலில் தமிழில்தானே எழுதப்பட்டது, பெங்களூர் விவேக் நகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், எதிரே அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்க, நாற்பது பக்க நோட்டில், என் கையெழுத்தில். செமினார் அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், எங்கள் துறைத்தலைவர் கிருஷ்ணப்பா சார், சென்னையிலிருந்து வந்திருக்கும் ராஜலக்ஷ்மி மேடம், மூன்றாவதாகப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர், அவர் பேசுவதில்லை, கையெழுத்துப் போட வந்தவர். இந்தப் பக்கம் நாங்கள் ஐந்து பேர், பிஎச்.டி. உதவித்தொகைக்கு வடிகட்டிக் கூப்பிட்டவர்கள், இடம் இரண்டுதான், ஆளுக்குப் பத்து நிமிடம், அவரவர் ஆய்வுத் திட்டத்தைச் சொல்லி அந்த மூன்று பேரையும் நம்பவைக்க வேண்டும். தீபிகா மூன்றாவது. நான் நான்காவது. திங்கட்கிழமை பட்டியலில் அவள் பெயரைப் பார்த்தபோது சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் காது சுடுகிறது, எனக்கு இதெல்லாம் வேண்டாம் என்றாயே, அண்ணன் ஆஃபீசில் எச்.ஆரில் சேரப் போகிறேன் என்றாயே கள்ளி என்று சிரிப்பதற்காக அவள் வீட்டுக்கு ஃபோன் செய்தேன், வெளியே போயிருக்கிறாள் என்றார் அவளுடைய அண்ணி. செவ்வாயும் வெளியே. புதனும் வெளியே. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அவள் இரண்டாவது தாளை வைக்கிறாள், நீலச் சேலை, இவளை நான் சேலையில் பார்த்ததே இல்லை… ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை, வரிசையின் ஓரத்தில் இருக்கிறேன், திரும்பாமல் இருப்பதற்கும் பழகித்தான் வந்திருப்பாள். மூன்று சனிக்கிழமைகள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, கடையில் கொடுத்து அடித்தால் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பிழை, அவள்தான் கூப்பிட்டாள், "எங்க அண்ணன் கம்ப்யூட்டர் சும்மாதான்டி தூங்குது, வந்து அடி." வேலூரிலிருந்து படிப்புக்காக வந்து வைட்ஃபீல்டில் அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறாள், அண்ணன் சாஃப்ட்வேர் கம்பெனியில், எங்கள் பேட்டையிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாறி ஒன்றேகால் மணி நேரம், போனதும் அண்ணி தோசை வார்ப்பார், பிறகு நான் நாற்காலியில், அவள் எனக்குப் பின்னால் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்தபடி திரையைப் படிப்பாள், "அந்த வாக்கியம் ரொம்ப நீளம்டி, உடை" என்பாள், உடைப்பேன், "இங்க ஒரு புள்ளிவிவரம் போடு, இல்லேன்னா கதை மாதிரி இருக்கு" என்பாள், போடுவேன். என் ஆங்கிலத்தை அவள் திருத்தினாள், உண்மைதான், அதற்காக அது அவளுடையது ஆகிவிடுமா? கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளில் பெண்கள் ஏன் நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை, அந்த ஒரு கேள்விதான் என் ஆய்வுத் திட்டம். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும், ஒரு வரிசைக்கு ஒரே டோக்கன், நாற்பது பேர், எழுந்து போன நேரத்தில் எத்தனை காலர் தைக்காமல் நின்றது என்று மைக்கில் சொல்வார்கள். இதைப் பற்றி இந்த ஊரில் யாரும் எழுதவில்லை, நான்தான் பார்த்தேன். நான்தான்… பார்த்தேனா?

கிருஷ்ணப்பா சார் கண்ணாடியைக் கழற்றுகிறார். எங்களுக்கு ஆய்வு முறைகள் பாடம் எடுத்தபோது அவர் ஒருநாள் சொன்னது, கன்னடமும் ஆங்கிலமுமாகக் கலந்து, ஆய்வுத் திட்டத்தில் நீங்கள் எதையும் நிரூபிக்கப் போவதில்லையம்மா, ஆய்வே இன்னும் நடக்கவில்லை, நடத்த விட்டால் இதில் ஏதோ கிடைக்கும் என்று நம்பவைக்கப் போகிறீர்கள், அதனால் முதல் பக்கத்திலேயே படிக்கிறவன் ஒரு மனுஷ முகத்தைப் பார்க்க வேண்டும். நான் அதை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். முகத்தைத் தேடித்தான் ஹெப்பகோடிக்குப் போனேன், பிப்ரவரியில், நான்கு மாலைகள், ஒரு தொழிற்சாலை வாசலில் டீக்கடைப் பக்கமாக நின்றேன். ஐந்தரைக்குச் சங்கு ஊதும், நூற்றுக்கணக்கில் பெண்கள் வெளியே வருவார்கள், வருவார்கள் என்றா சொன்னேன், ஓடுவார்கள், பஸ் நிற்காது, நின்றால் ஏற இடம் இருக்காது, நான் கையில் கேள்வித்தாளோடு "அக்கா, ஒரு நிமிஷம்" என்று பக்கத்தில் ஓடினால் எல்ஐசி ஏஜெண்ட் என்று நினைத்து ஒதுங்குவார்கள், தமிழில் கேட்டால் கன்னடத்தில் வேண்டாம் என்பார்கள், கன்னடத்தில் கேட்டால் தெலுங்கில். நான்காவது நாள் ஒருத்தி மட்டும் நின்றாள், நிற்கக்கூட இல்லை, செருப்பில் கல் சிக்கியிருந்தது, குனிந்து அதை எடுத்துக்கொண்டே என் கேள்வியைக் கேட்டாள், வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பீர்களா அக்கா என்று கேட்டிருந்தேன். "தண்ணி குடிச்சா எந்திரிக்கணும் இல்ல?" என்றாள். அவ்வளவுதான். கல்லை எறிந்துவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மீதி எல்லாம் நான். மரகதம் என்ற பெயர் நான் வைத்தது, தர்மபுரிப் பக்கம் என்பது நான் சொன்னது, இரண்டு பிள்ளைகள், கட்டட வேலைக்குப் போய் முதுகு போன கணவன், மெஷின் காலடியில் பச்சை பாட்டில், அது நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்புவது, மகள் அந்தத் தண்ணீரைப் பல் தேய்க்க எடுத்துக்கொள்வது, எல்லாம் அந்தச் சாப்பாட்டு மேஜையில் வந்தவை, ஒரு சாயங்காலத்தில், தடையே இல்லாமல், எழுதி முடித்துவிட்டு நானே அழுதேன், அம்மா என்னடி என்று கேட்க, பீன்ஸ் நறுக்குகிறவளைப் பார்த்து வெங்காயம் என்று சொன்னேன். பொய் என்று அப்போது தோன்றவில்லை. இப்படி ஒருத்தி இருக்கத்தான் செய்வாள், நான் அவளைச் சந்திக்கவில்லை அவ்வளவுதான், உதவித்தொகை கிடைத்ததும் முதல் வேலையாகப் போய்ச் சந்தித்துவிட்டால் சரியாகிவிடும்… அப்படித்தான் நினைத்தேன். தீபிகாவிடம்கூடச் சொல்லவில்லை. "அந்த மரகதம் எப்படிடி உன்கிட்ட இவ்வளவு பேசினாங்க?" என்று கேட்டாள் ஒருமுறை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள் என்றேன். அவள் ஆரஞ்சுச் சுளையில் நார் எடுத்துக்கொண்டே ம் என்றாள்.

அதனால்தான் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்து, சார், இது என்னுடையது, என்று சொன்னால் கிருஷ்ணப்பா சார் என்ன கேட்பார், எப்படியம்மா நிரூபிப்பாய் என்பார், நோட்டைக் காட்டுவேன், நோட்டில் என்ன இருக்கிறது, அந்தப் பெண்ணை நான் உண்டாக்கிய தடம் இருக்கிறது, முதலில் அவளுக்கு வேறு பெயர், வேறு ஊர், அடித்து அடித்து எழுதியிருக்கிறேன். சார் அதைப் பார்த்தால் தீபிகாவைத் திருடி என்பாரா, என்னைப் பொய்க்காரி என்பாரா? இதை எழுதியவளே நான்தான் என்று காட்ட வேண்டுமானால் இப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று காட்ட வேண்டும்.

கைவிட்டதும் நான்தானே. மனு கொடுக்கப் பத்து நாள் இருந்தபோது, கேண்டீன் வாசலில், அவள் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னாள், "சோஃபி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே, இந்த டாபிக் வேணாம்டி. சாரோட தம்பியே ஹோசூர் ரோட்டுல கார்மெண்ட்ஸ் வெச்சிருக்காராம். இதை அவர் முன்னாடி போய் வெச்சா உன்னை ஓரங்கட்டிடுவாரு." நான் தயங்கினேன். அப்போது அவள் குரலை இன்னும் தாழ்த்தி, "அதுவுமில்லாம இந்தத் தடவை கேஸ் ஸ்டடின்னு போட்டா ஆளையே கூட்டிட்டு வரச் சொல்றாங்களாம்" என்றாள். முதலாவது எனக்குப் பொருட்டாகத் தெரியவில்லை, இரண்டாவது என் முதுகுத்தண்டில் இறங்கியது, சரி வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன், அவள் ஆச்சரியப்படக்கூட இல்லை. அன்று ராத்திரியே வேறு தலைப்பை எடுத்தேன், எங்கள் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடுகள், விவேக் நகருக்குத் தமிழ்க் குடும்பங்கள் எந்த எந்த ஊரிலிருந்து எப்போது வந்தன என்பது, அறுநூற்றுப் பதினோரு பெயர், ஒவ்வொன்றும் உண்மை, ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, பாதிரியார் கையெழுத்து உண்டு. சாரின் தம்பிக்குக் கார்மெண்ட்ஸ் இருக்கிறதா? இதோ சார் முழங்கையை மேஜையில் ஊன்றி முன்னால் சாய்ந்து கேட்கிறார், டோக்கன் என்று அவள் சொன்னதும் உச்சுக் கொட்டுகிறார், தம்பியும் இல்லை ஒன்றும் இல்லை.

கை தட்டுகிறார்கள். பக்கத்தில் இருந்த ஹரிஷ்குமார், எங்கள் வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண், அவன்கூட என்னிடம் சாய்ந்து "சூப்பர்ல?" என்கிறான், நான் தலையாட்டுகிறேன், தலையாட்டினேனே… ராஜலக்ஷ்மி மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தமிழிலேயே கேட்கிறார், "தீபிகா, அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்க? நான் நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பெங்களூர்லதான் இருக்கேன். பார்க்க முடியுமா?" என் இரண்டு கையும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொள்கின்றன. இதோ விழப்போகிறாள். விழு, விழு… இப்போதுதான் அவள் முதல் தடவையாக என்னைப் பார்க்கிறாள், ஒரு நொடி, கெஞ்சலோ பயமோ இல்லை அதில், ஒரு பேனா எங்கே இருக்கிறது என்று பார்ப்பதைப்போலப் பார்த்துவிட்டு மேடத்திடம் திரும்புகிறாள். "ஊருக்குப் போயிட்டாங்க மேடம்," என்கிறாள், "போன மாசம். ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சு. வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அட்ரஸ் கேட்டேன், அங்க எந்த வீட்டுல இருப்போம்னு எங்களுக்கே தெரியாதும்மான்னாங்க." மேடம் மெல்ல, "அடப் பாவமே" என்கிறார். எனக்குள் ஏதோ அறுந்தது, தலைப்பைப் பார்த்தபோது அறுந்ததைவிடப் பலமாக அறுந்தது, ஏன் அப்படி, இல்லாத ஒருத்திக்கு இல்லாத நோய் வந்தால் எனக்கென்ன, ஆனால் நான் மரகதத்தைச் சாகடிக்கவில்லையே, நான் எழுதியதில் அவள் மாலை வீட்டுக்குப் போகிறாள், தோசைக்கு ஊறப்போடுகிறாள், மகளை அதட்டுகிறாள், அடுத்த நாள் எட்டரைக்கு மறுபடி வருகிறாள். தேவை முடிந்ததும் இவள் இரண்டே வாக்கியத்தில் அவளை அப்புறப்படுத்திவிட்டாளே…

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். சோஃபியா. நடந்து போகிறேன், மேஜை விளிம்பில் அவள் விரல் ஈரம் இன்னும் இருக்கிறது, அவளும் வேர்த்திருக்கிறாள். தாளை வைக்கிறேன், கோணலாக விழுகிறது, சரி செய்கிறேன். இப்போது சொல்லலாம். பத்து நிமிடமும் என்னுடையது, யாரும் குறுக்கிட மாட்டார்கள், எனக்கு முன்னால் பேசியவள் சொன்னது அத்தனையும் நான் எழுதியது என்று ஆரம்பித்தால் போதும்… நான் நிற்கிறேன், எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, கிருஷ்ணப்பா சார், "ஏனம்மா, ஆரம்பி, பயப்படாதே" என்று கன்னடத்தில் சொல்கிறார், அன்பாகத்தான் சொல்கிறார், அந்த அன்பைக் கேட்டதும் நான் பதிவேடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றிலிருந்து, ஊர் வாரியாக, தொழில் வாரியாக, வட ஆற்காட்டிலிருந்து இத்தனை, கோலார் தங்கவயலிலிருந்து இத்தனை. பதிவாளர் அலுவலகத்து ஆள் கொட்டாவியைக் கையால் மறைக்கிறார். முடித்ததும் ராஜலக்ஷ்மி மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லா உழைச்சிருக்கம்மா, தெரியுது," என்கிறார், "ஆனா இதுல ஆளுங்க எங்க? எல்லாம் பேராத்தான் இருக்கு." அறுநூற்றுப் பதினோரு பேர் மேடம், அத்தனை பேரும் நிஜமாகப் பிறந்தவர்கள், தலையில் நிஜமான தண்ணீர் ஊற்றப்பட்டவர்கள், சிலர் இன்னும் எங்கள் தெருவில் ரேஷன் கடையில் நிற்கிறார்கள், காலையில் நொவேனா ஜெபத்துக்குப் போகும் வழியில் இரண்டு பேரைப் பார்த்தேன்… இதையெல்லாம் சொல்லவில்லை. "அடுத்த கட்டத்துல பேட்டி எடுக்கலாம்னு இருக்கேன் மேடம்" என்றேன்.

முடிவு ஒரு மணி நேரத்தில் என்றார்கள், ஒன்றரை ஆனது. நான் போயிருக்கலாம், போகாமல் மாடிப்படிக்குப் பக்கத்து ஜன்னலில் நின்று கீழே யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே யாரோ ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் திரும்பும் இடத்தில் எல்லாம் காலை ஊன்றினான். துறை அலுவலகத்தின் பச்சைமுத்து வந்து பலகையில் தாளை ஒட்டினார், ஒட்டிவிட்டு என்னைப் பார்த்து, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்மா" என்றார், அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. தீபிகா, ஹரிஷ்குமார். காத்திருப்போர் பட்டியலில்கூட நான் இல்லை. ஜூனில் எங்கள் பங்குப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர் வேண்டும் என்று சிஸ்டர் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார், அம்மா என்னிடம் அதைச் சொல்லாமல் நொவேனா சொல்லிக்கொண்டிருந்தாள், இனி சொல்வாள். பின்னால் சேலை சரசரக்கும் சத்தம். நான் திரும்பவில்லை.

"சோஃபி."

அவள் பக்கத்தில் வந்து நின்று அந்தத் தாளைப் படிப்பதைப்போல நின்றாள். வாழ்த்துச் சொல்ல வேண்டுமா இப்போது, சொன்னால்தான் என்ன, வாய் அதற்கும் தயாராக இருந்தது, அதுதான் கேவலம். "நீதான் வேணாம்னு விட்டுட்டியே," என்றாள், "வீணாப் போகுதேன்னுதான்…" நான் பலகையில் அவள் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "உன் ரெஜிஸ்டர் டாபிக்கும் நல்லாத்தான்டி இருந்துச்சு." பிறகு, என்னை அறியாமல், "மேடம் நாளைக்கு ஹெப்பகோடிக்கு வராங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. அதான் ஊருக்கு அனுப்பிட்டேனே."

அனுப்பிட்டேனே. போயிட்டாங்களே இல்லை. என் கழுத்து தானாகத் திரும்பியது. அவள் முகத்தில் குற்ற உணர்ச்சியைத் தேடினேன், கொஞ்சம் இருந்தது, காலில் செருப்புக் கடித்தால் இருக்கும் அளவுக்கு. "உனக்கு…" என்றேன். "உனக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"மரகதம்…"

அவள் நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தாள், பச்சைமுத்து உள்ளே போய்விட்டார், ஹரிஷ்குமார் கீழே யாருக்கோ காயின் பாக்ஸில் ஃபோன் செய்துகொண்டிருந்தான். "ரெண்டாவது சனிக்கிழமையே தெரியும்டி," என்றாள், சாதாரணமாக. "முப்பத்திநாலுன்னு அடிச்ச. அப்புறம் யோசிச்சிட்டு முப்பத்தெட்டுன்னு மாத்தின. மூணு புள்ளைங்கன்னு இருந்ததை ரெண்டு ஆக்கின. நான் பின்னாடிதானே படுத்திருந்தேன். நிஜமா இருக்கிற ஆளுக்கு யாராவது வயசை மாத்துவாங்களா?"

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ அழுதிருப்ப." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அப்புறம் யோசிச்சேன். உன்னோடதை நீ உன்னோடதுன்னு யார்கிட்டயும் சொல்ல முடியாது. எனக்கும் அண்ணன் வீட்டுல எத்தனை நாள்டி… அண்ணி தினம் ஏதாவது வரன் கொண்டு வராங்க. இது கிடைச்சா ஹாஸ்டலுக்குப் போயிடலாம்." கொஞ்ச நேரம் நின்றாள், நான் ஏதாவது சொல்வேன், திட்டுவேன், அறைவேன் என்றுகூட எதிர்பார்த்திருப்பாள், பிறகு, "சாரி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அப்படியென்றால் கேண்டீன் வாசலில் தோளில் கை போட்டுக்கொண்டு ஆளையே கூட்டி வரச் சொல்கிறார்கள் என்றது, எங்கே தொட்டால் நான் கையை உதறுவேன் என்று தெரிந்து சொன்னது. மூன்றாவது சனிக்கிழமை முழுவதும் தெரிந்துகொண்டே என்னோடு உட்கார்ந்திருக்கிறாள், தெரிந்துகொண்டே அந்தப் பெண்ணின் வாக்கியங்களை எனக்காகத் திருத்தியிருக்கிறாள், "இங்க அவங்க கொஞ்சம் சிரிக்கட்டும்டி, ரொம்ப அழுகையா இருக்கு" என்றாளே, அதை நான் நட்பு என்று நினைத்தேன். திருடியதைக்கூட… திருடினாள் சரி, ஆனால் என் பொய்யை ஒரு சாவி மாதிரி எடுத்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது எடுத்து என்னையே பூட்டினாளே.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டது, மத்தியான நேரம், ஜன்னல் ஓரம், கண்டக்டர் சில்லறை கேட்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார், எனக்கு எதிரே ஒரு அம்மா மடியில் மல்லிகைப்பூப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு தூங்குகிறார். இல்லை, விடக்கூடாது. பயந்துதான் இவ்வளவும் ஆனது. சாருக்கு ஒரு கடிதம் எழுதலாம், எல்லாவற்றையும் எழுதி, மரகதம் கற்பனை என்பதையும் சேர்த்தே எழுதி, எனக்கு உதவித்தொகை வேண்டாம், நடந்தது இதுதான் என்று மட்டும். ஆமாம், அதுதான் சரி, உண்மையைச் சொல்பவளிடம் யார் எதைப் பூட்டி வைக்க முடியும்? பையைத் திறந்து நோட்டை எடுக்கிறேன், பின்பக்கத்தில் எழுதுகிறேன், மதிப்பிற்குரிய ஐயா, இந்த வருடம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நான் தீபிகாவின் வீட்டில் அவளுடைய அண்ணனின் கம்ப்யூட்டரில் என் ஆய்வுத் திட்டத்தைத் தட்டச்சு செய்தேன், அந்தக் கோப்பு அங்கேயே இருந்தது, பிறகு அவள் சொன்னதன் பேரில் அந்தத் தலைப்பைக் கைவிட்டேன். படித்துப் பார்க்கிறேன். வெறும் சாதமாக இருக்கிறது. இதைப் படித்தால் சார் என்ன நினைப்பார், கிடைக்காதவள் எழுதுகிறாள் என்று நினைப்பார், இவளே கைவிட்டாள் என்கிறாள், கோப்பை அங்கே ஏன் விட்டாய் என்பார். எங்கோ ஒரு இடத்தில் அவர் அவளைப் பார்க்க வேண்டும், அவள் எப்படிப்பட்டவள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பஸ் சிக்னலில் நிற்கிறது. கை எழுதுகிறது… மூன்றாவது சனிக்கிழமை நான் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது, தீபிகா குடையோடு பஸ் நிறுத்தம் வரை வந்தாள், ஃப்ளாப்பியை என் கையில் வைத்து மூடி, கவலைப்படாதே, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டேன் என்றாள், என் கையை அவள் விடுவதற்குள் பஸ் வந்துவிட்டது.

நல்ல வாக்கியம். சார் இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றுவார்.

மார்ச்சில் மழை இல்லை. அவள் பஸ் நிறுத்தத்துக்கு வரவில்லை, அழித்துவிட்டேன் என்று சொல்லவும் இல்லை, அழி என்று நானும் கேட்கவில்லை, கட்டிலில் படுத்தபடியே கையை ஆட்டினாள், நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன், அவ்வளவுதான் நடந்தது. அடித்துவிட வேண்டும். பேனா முனை அந்த வரியின்மேல்தான் நிற்கிறது, பச்சை விழுந்து பஸ் குலுங்கிக் கிளம்புகிறது, குலுங்கியதில் ஒரு சின்னப் புள்ளி விழுகிறது, நான் அடிக்கவில்லை, எந்த நிறக் குடை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.